உப்புப் பார்க்காத கசரோல்

நத்தார் நாள் காலை, ஊரெல்லாம் கிறிஸ்மஸ். இந்த நாட்டில் மார்கழிதான் கோடை, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக் குசினியில் ஓவனையும் சூடாக்கப் போட்டுவிட்டு, நான் வத்தாளங்கிழங்கு மசித்துக்கொண்டு நின்றேன். தமிழ்நாட்டுக்காரர் இதைச் சர்க்கரைவள்ளி என்பார்கள். இந்தக் கிழங்கில் கசரோல் என்று ஒன்று செய்ய வேண்டும். அமெரிக்கர்கள் பண்டிகைக்குச் செய்வது. கிழங்கை மசித்து, வெண்ணெயும் சீனியும் போட்டுக் கிளறி, மேலே மார்ஷ்மலோவைப் பரப்பி ஓவனில் வைப்பார்களாம். கிழங்குக்கு மேலே மிட்டாய். வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் அன்றைக்கு என் மகள் ராகவி இதில் ஒரு தட்டு சாப்பிட்டு முடித்தால், அடுத்த கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவாள். முடிக்காவிட்டால் மறுபடியும் மூக்கால் குழாய் விடுவதைப் பற்றிப் பேச வேண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

ராகவிக்குப் பதினாறு வயது. சாப்பிடமாட்டாள். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள், "ரெண்டு அடி போட்டால் தன்ரபாட்டில சாப்பிடும்" என்பார்கள். அவர்களை ஏன் குறை சொல்வான், முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வீம்பு என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து அம்புலன்ஸில் ஏற்றிய பிறகுதான் இது ஒரு வருத்தம், நோய் என்று விளங்கியது. அவளுக்குச் சாப்பாட்டைக் கண்டால் பயம். சோற்றைப் பார்த்து ஒரு பிள்ளை நடுங்குவதைக் கண்ணால் காணும்வரை நான் நம்பியிருக்கமாட்டேன்.

நான் பார்க்கும் வேலையோ இன்னும் விசேஷம். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல்காரி. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் நான் கிண்டிப் போட்டதை வழித்துத் தின்றுவிட்டு, இன்னும் தா என்று கிண்ணத்தை நீட்டும். மூக்கு ஒழுகிக்கொண்டு, கீரை என்று தெரியாமல் கீரையையும் தின்றுவிட்டுப் போகும். என் வயிற்றில் பிறந்தது ஒன்றே ஒன்று, அது வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கிறது. கடவுளுக்குப் பகிடி விட நான்தான் கிடைத்தேன்.

கசரோலுக்கு வருகிறேன். வார்டில் சாப்பாட்டு விஷயங்களைப் பார்ப்பவள் பார்கவி என்று ஒரு பிள்ளை, கோயம்புத்தூர்க்காரி. நத்தாருக்கு ராகவியை மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிப்போக விடுவதாக முடிவானதும், "உனக்குப் பயமில்லாம சாப்பிடலாம்னு தோணுற ஒரே ஒரு அயிட்டம் சொல்லு" என்று அவளைக் கேட்டாள். ராகவி கனநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஸ்வீற் பொட்டேட்டோ கசரோல்" என்றாள்.

ஏழாம் வகுப்பில் படித்தபோது, ஒரு தோழியின் வீட்டில் அவளுடைய அமெரிக்கத் தாய் செய்து கொடுத்தது. அன்றைக்கு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து, இரவு முழுக்க அதையே புகழ்ந்துகொண்டிருந்தாள். எனக்கு அப்போது கோபம்கூட வந்தது. இப்போது அந்த வெள்ளைக்காரியின் காலில் விழவும் நான் தயார்.

பார்கவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். "அக்கா, ஒரு ரூல். நீங்களும் அவ அப்பாவும் அவகூட உக்காரணும். அவ தட்டுல இருக்கிறதே உங்க தட்டுலயும் இருக்கணும். அவ சாப்பிடுறப்போ நீங்களும் சாப்பிடணும். அது ரொம்ப முக்கியம்."

"ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். தலையாட்டும்போதே சட்டைக் கையை இழுத்து இடது மணிக்கட்டை மூடிக்கொண்டேன். அங்கே பிள்ளையார் விரதத்து நூல் கட்டியிருந்தது.

இருபத்தொரு நாள் விரதம் அது. இருபத்தொரு இழையில் நூல் முறுக்கிக் கையில் கட்டிக்கொண்டு, பகலெல்லாம் பட்டினி கிடந்து, பொழுதுபட்ட பிறகு குளித்து, படைத்து, கதை படித்து, ஒரு நேரம் மட்டும் சாப்பிட வேண்டும். கடைசி நாள் அதுவும் இல்லை. தண்ணீரும் படாமல் கிடந்து, மறுநாள் விடியத்தான் வாயைத் திறக்கலாம். இந்த முறை அந்தக் கடைசி நாள் சரியாக நத்தாரன்று வந்து விழுந்தது. நான் வைத்த நேர்த்திக்கடன் ஒன்றே ஒன்றுதான். என் பிள்ளை சாப்பிட வேண்டும், அதற்காக நான் சாப்பிடாமல் கிடக்கிறேன். பிள்ளையாரோடு நியாயமான பேரம்தான் பேசியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டில் குடும்பமாக இருந்து மத்தியானம் சாப்பிட வேண்டும் என்று ஒரு ஒழுங்கு இருந்தது. என் மனுசனுக்கு ஞாயிறும் வேலை. நான் மட்டும் போனேன், இருந்தேன், சான்ட்விச்சைக் கையில் எடுத்து வாய்வரைக்கும் கொண்டுபோனேன். பிறகு அது வாய் துடைக்கும் ரிஷு பேப்பருக்குள் போனது. ரிஷு பேப்பர் கைப்பைக்குள் போனது. ஒருவரும் காணவில்லை. பிள்ளையாரையும் ஏமாற்றாமல் பார்கவியையும் கோபிக்க வைக்காமல் இரண்டு பக்கமும் சமாளித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

இப்போது கிழங்குச் சட்டிக்கு முன்னால் அந்தக் கெட்டித்தனம் எல்லாம் பல்லை இளித்தது. நான் வாழ்நாளில் சாப்பிட்டிராத ஒரு சாப்பாட்டைச் செய்கிறேன். அதை நாக்கில் வைத்துப் பார்க்கவும் முடியாது. என் மனுசன் ஸ்ரீகாந்தன் ராகவியைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவர் இருந்தாலும் பிரயோசனமில்லை. பஸ் ஓட்டும் மனுசன், கல்லைக் கரைத்து வைத்தாலும் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவுவார்.

வெண்ணெய் போட்டேன். சீனி, பால், கறுவாப்பட்டைத்தூள் போட்டேன். ராகவி போனில் அனுப்பிய செய்முறையில் முட்டையும் போடச் சொல்லியிருந்தது. விரத வீட்டுக் குசினியில் முட்டையா, அதை விட்டுவிட்டேன். உப்பு ஒரு சிட்டிகை என்று சொல்லியிருந்தது. உப்புப் போத்தலைத் திறக்கும்போது போன் அடித்தது.

"குணா" என்றார் ஸ்ரீகாந்தன். குணவதியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். குரல் உள்ளே போயிருந்தது. "இவள் காரில ஏறமாட்டன் எண்டு நிக்கிறாள்."

"ஏறமாட்டாளாமோ? நீங்கள் என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போனை அவளிட்டக் குடுங்கோ!"

போன் கை மாறியது. பிறகு, "அம்மா, ஐ கான்ட்" என்றாள். "என்னால ஏலாது. எல்லாரும் என்னையே பாப்பீங்க."

"ஒருத்தரும் பாக்கமாட்டம் குஞ்சு. வந்து இருந்தாக் காணும். நீ கேட்ட கசரோல்தான் செய்துகொண்டிருக்கிறன். மேல போட மார்ஷ்மலோவும் வாங்கி வச்சிருக்கிறன்."

"ஓகே" என்றாள். அவ்வளவுதான். போன் நின்றது. உப்புப் போத்தல் திறந்தபடி இருந்தது. போட்டேனா, இல்லையா? வேறு நாளென்றால் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். போடவில்லை என்றுதான் நினைத்தேன். போட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கராஜில் இன்னொரு அடுப்பு வைத்திருக்கிறோம். இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் மீன் பொரிக்கிறதற்கு அப்படி ஒன்று இருக்கும். விரத நாளில் அதைக் கழுவித் துடைத்து, படையலுக்கு அதில்தான் சமைப்பேன். பொழுதுபடப் படைப்பதற்குக் கொழுக்கட்டை அவியப் போட்டிருந்தேன். அதைப் பார்க்க ஓடினேன். பயற்றம் பருப்பும் சர்க்கரையும் சேர்ந்து அவியும் வாசம் மூக்கில் ஏறியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் நாள் இரவு சாப்பிட்டது. அந்த வெக்கையில் ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "அப்பனே, இண்டைக்கு மட்டும்" என்று சொன்னேன். திரும்பக் குசினிக்கு வந்து சட்டியைப் பார்த்தபோது மறுபடியும் அதே கேள்வி. உப்புப் போட்டேனா? மண்டையில் ஒன்றும் நிற்கவில்லை. மறுபடியும், போத்தலிலிருந்து அளவு பார்க்காமல் கொட்டினேன்.

மார்ஷ்மலோப் பைக்குள் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து கிடந்தன. ராகவி அனுப்பிய படத்தில் எல்லாம் வெள்ளை. குந்தியிருந்து வெள்ளையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பையின் பின்பக்கத்தில் மாட்டெலும்பில் செய்தது என்று போட்டிருந்தது. பிள்ளையாரே, இது உமக்கில்லை, கண்ணை மூடிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே வெள்ளையைப் பரப்பினேன். ஓவன் முந்நூற்றைம்பதில் இருக்க வேண்டும் என்றிருந்தது. எங்கள் ஓவன் முள் இருநூற்றைம்பதுக்கு மேல் போகாது. அமெரிக்கக்காரன் சூட்டை வேறு கணக்கில் அளப்பான் என்று எனக்குத் தெரியாமலில்லை. காப்பகத்தில் இந்தக் கணக்கெல்லாம் நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். அன்றைக்கு அது நினைவிலேயே வரவில்லை. முள்ளை அதன் கடைசிவரைக்கும் திருப்பிவிட்டு, மேசையைத் துடைக்கப் போனேன்.

கூரையில் இருந்த புகை மணி கத்தத் தொடங்கியபோதுதான் ஓடிவந்தேன். ஓவனைத் திறந்தால் கரும்புகை. மார்ஷ்மலோ எல்லாம் கரியாகிக் கிடந்தது. கதிரையில் ஏறித் துவாயால் விசிறி மணியை நிறுத்தினேன். இறங்கும்போது கால் சறுக்கி நிலத்தில் விழுந்து இருந்துவிட்டேன். எழும்ப மனம் வரவில்லை. அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். ஒப்பாரி வைப்பதுபோலச் சத்தம் போட்டு அழுதேன். நத்தாரன்று எந்தக் கடை திறந்திருக்கும்? என் பிள்ளை இந்த உலகத்தில் கேட்ட ஒரே ஒரு சாப்பாடு, அதையும் கரியாக்கிவிட்டேன். இவள் செத்துப்போவாள் என்ற எண்ணம் அப்போதுதான் முதல் தடவையாக நேராக என் முன்னால் வந்து நின்றது. அதுவரை நான் அதைப் பக்கத்தில் வரவிட்டதில்லை.

கார்ச் சத்தம் கேட்டதும் எழும்பினேன். கரியைக் கரண்டியால் வழித்துச் சுரண்டி எறிந்தேன். கீழே கிழங்கு நல்லபடியாகத்தான் இருந்தது. ஒதுக்கி வைத்த இளஞ்சிவப்பு மார்ஷ்மலோக்களை அள்ளி மேலே போட்டு, சூட்டைக் குறைத்து உள்ளே தள்ளினேன்.

ராகவி உள்ளே வந்தாள். மார்கழி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு, கையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். கட்டிப்பிடித்தால் எலும்பு தட்டுப்படும் என்று பயந்து, தலையை மட்டும் தடவினேன்.

"என்ன மணம்?" என்றாள்.

"கொஞ்சம் எரிஞ்சிட்டுது."

"அழுதீங்களா?"

"புகை" என்றேன்.

மேசையில் மூன்று தட்டு வைத்தேன். பார்கவி காட்டித் தந்த அளவில் ஸ்ரீகாந்தன் பரிமாறினார். மூன்றிலும் ஒரே அளவு. இளஞ்சிவப்பு உருகி, செம்மஞ்சள் கிழங்கில் வழிந்து, பார்க்கச் சகிக்காத ஒரு நிறத்தில் இருந்தது. சாப்பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்பதால் அவர் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார். மெல்பேர்னில் நாளைக்கு மட்ச் தொடங்குகிறது என்றார். மழை வருமோ தெரியாது என்றார். பிறகு குனிந்து சாப்பிட்டார். வாயில் வைத்ததும் அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனால் மனுசன் ஒன்றும் சொல்லாமல் விழுங்கினார். மகளுக்கு முன்னால் சாப்பாட்டைக் குறை சொல்லிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு.

ராகவி கரண்டியைப் பிடித்தபடி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கரண்டியில் அள்ளினேன். வாய்வரைக்கும் கொண்டுபோனேன். மற்றக் கையால் ரிஷுப் பேப்பரை எடுத்து வாயைத் துடைப்பதுபோலக் கரண்டியில் இருந்ததை அதற்குள் வழித்து, மடிக்குக் கொண்டுபோனேன். மறுபடியும் அள்ளினேன்.

"அம்மா" என்றாள் ராகவி. "அதை இஞ்ச தாங்கோ."

"எதை?"

"மடியில இருக்கிறதை."

அவள் எழும்பி வந்து, என் மடியிலிருந்து அந்தப் பேப்பர் உருண்டையை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். பேப்பரில் செம்மஞ்சள் ஊறிக்கொண்டு வந்தது.

"அது என்ர ட்ரிக்" என்றாள். "உங்களுக்கு முன்னமே நான் செய்தனான். முதல் ஞாயிற்றுக்கிழமையே கண்டிட்டன் அம்மா. சான்ட்விச் ஹான்ட்பாக்குக்குள்ள போனது."

ஸ்ரீகாந்தன் என்னைப் பார்த்தார். "வார்டில பிள்ளையோட இருக்கேக்க சாப்பிடுறன் எண்டெல்லே நீர் எனக்குச் சொன்னனீர்?"

"இது விரதம்" என்றேன். "அது வேற, இது வேற."

"எப்பிடி வேற?" என்று கேட்டாள் ராகவி. சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு ஆயிரம் பதில் தெரியும். கோயிலில் யாராவது கேட்டால் மணிக்கணக்கில் சொல்லியிருப்பேன். அந்த மேசையில் பேப்பர் உருண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சாப்பிடாம இருந்தா, குணவதிக்கு எவ்வளவு பக்தி எண்டு எல்லாரும் சொல்லுகினம். நான் சாப்பிடாம இருந்தா பாத்ரூம் கதவடியிலயும் ஒரு நேர்ஸ் நிப்பா. எனக்குள்ள ஒரு வொய்ஸ் இருக்கு அம்மா. சாப்பிடாத, சாப்பிடாட்டித்தான் நீ கிளீன், நீ ஸ்ட்ரோங் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கும். நான் ஒவ்வொரு நாளும் அதோட சண்டை பிடிக்கிறன். பிறகு நீங்க வந்து எனக்கு முன்னால சாப்பிடாம இருக்கிறீங்க. அது சொல்லுது, பார், உன்ர அம்மாவும் என்ர பக்கம்தான் எண்டு."

எனக்கு ஆத்திரம் வந்தது. வெட்கத்தில்தான் வந்தது, ஆனால் ஆத்திரமாகத்தான் வந்தது. மேசையில் ஓங்கி அடித்தேன். "உனக்காகத்தானடி! நீ சாப்பிடோணும் எண்டுதான் நான் இந்தப் பாடு படுறன்! தண்ணியும் இல்லாமல் விடியத்தொட்டு நிண்டு உனக்குச் சமைச்சிருக்கிறன்!"

"ஐ நோ" என்றாள். கண்ணீர் தன்பாட்டில் வழிந்தது. "அதுதான் எல்லாத்திலயும் மோசம். நீங்க எனக்காகப் பட்டினி கிடந்தா, நான் சாப்பிடுற ஒவ்வொரு வாயும் உங்கட வாயிலயிருந்து பறிச்ச மாதிரி இருக்கு. எப்பிடி விழுங்குறது?"

அவள் திரும்பப் போய்த் தன் கதிரையில் இருந்தாள். கரண்டியால் கிழங்கில் கொஞ்சம் எடுத்தாள். எடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒண்டு, நான் ஒண்டு" என்றாள். "நீங்க சாப்பிடாட்டி நானும் இல்லை."

நான் சாமிப் படத்தைப் பார்த்தேன். விளக்கு பொழுதுபட ஏற்றுவதற்காகத் துடைத்து வைத்திருந்தது. விரதக் கதையில் நூலைக் கழற்றி எறிந்தவள் பட்ட பாட்டை நான் இருபது நாளும் வாய்விட்டுப் படித்திருக்கிறேன். இன்னும் ஒரு இரவுதான். இந்தக் கடைசி நாளில் வாய் வைத்தால் கிடந்த பட்டினி எல்லாம் போச்சு. போவது மட்டுமா, குற்றமும் வரும். வந்தால் யாருக்கு வரும்? என் மேல் வந்தால் பரவாயில்லை. இவள் மேல் வந்தால்? நேர்த்தி வைத்ததே இவளுக்காகத்தானே.

"குணா, சாப்பிடும்" என்றார் ஸ்ரீகாந்தன். "பிள்ளையார் கோவிக்கமாட்டார்."

"கோவிச்சா?"

"கோவிச்சா என்னோட கோவிக்கட்டும்." கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனுசன் இவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

கரண்டியைத் தூக்கினேன். வாய்க்குக் கிட்ட வந்ததும் கரண்டி அதற்கு மேல் போகவில்லை. எனக்கு அது எதிர்பாராதது. பசியில் செத்துக்கொண்டிருந்தவள், சாப்பாட்டைக் கண்டதும் பாய்ந்து விழுவேன் என்றல்லவா நினைத்திருந்தேன்? வாய் திறக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று வேண்டாம், வேண்டாம் என்று கத்தியது. விழுங்கினால் ஏதோ பெரிய பிழை நடந்துவிடும் என்று உடம்பெல்லாம் வியர்த்தது. இதுவா அவளுக்கு ஒவ்வொரு நேரமும் நடக்கிறது? காலை, மத்தியானம், இரவு?

"என்னால ஏலாமக் கிடக்கு" என்றேன். குரல் அழுகையாகத்தான் வந்தது.

ராகவி கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். "மூச்சு எடுங்கோ" என்றாள். "ஒரு வாய்தான். முழுத் தட்டையும் பாக்காதேங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்." வார்டில் நேர்ஸ்மார் அவளுக்குச் சொல்லும் அதே சொற்கள். அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன். கடல் தண்ணீரைக் குடித்ததுபோல இருந்தது. அவ்வளவு உப்பு. நாக்கு எரிந்தது. விழுங்கும்போது கண்ணால் தண்ணீர் கொட்டியது.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள், என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நல்லாயிருக்கு என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். இந்த வீட்டில் சாப்பாட்டைப் பற்றி நான் சொன்னதெல்லாம் கொஞ்சக் காலமாகப் பொய்தான். "வாயில வைக்கேலாது ராகவி" என்றேன். "உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறன்."

அவள் தன் கரண்டியைப் பார்த்தாள். பிறகு வாய்க்குள் வைத்தாள்.

"ஓ மை கோட், அம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். துப்பப்போகிறாள் என்று நினைத்தேன். துப்பவில்லை, விழுங்கினாள். விழுங்கிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு காலம். "அப்பா, நீங்க சாப்பிட்டீங்கதானே! ஏன் சொல்லேல்ல?"

"நல்லாத்தானே இருக்கு" என்றார் ஸ்ரீகாந்தன். அதற்கு நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுதேன்.

"விடு குஞ்சு, வேற ஏதும் செய்து தாறன்" என்றேன்.

"நோ. வேற எண்டா திரும்ப முதல்ல இருந்து தொடங்கோணும். இதைத்தான். நீங்க ஒண்டு, நான் ஒண்டு."

சிரிப்பு அடுத்த கரண்டியிலேயே போய்விட்டது. அவள் கண் மாறுவதை நான் கண்டேன். அந்தக் குரல் திரும்ப வந்துவிட்டது என்று தெரிந்தது. மூன்றாவது கரண்டிக்குக் கையை மேசையில் குத்தினாள். ஒரு தரம் எழும்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்ரீகாந்தன் கதவடியில் போய் நின்றார். நான் மேசையில் இருந்து, "நான் அடுத்த வாயைக் கரண்டியில வச்சுக்கொண்டு இருக்கிறன் ராகவி, நீ வராட்டி நான் விழுங்கமாட்டன்" என்று கத்தினேன். வந்தாள். கிழங்கு ஆறிப்போய் இறுகியது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் தண்ணீர் குடித்தோம். நானும் குடித்தேன். அந்தப் பின்னேரம் முழுக்க அந்த உப்புக் கிழங்கோடு மல்லுக்கட்டினோம். கையில் கட்டிய நூலில் மார்ஷ்மலோ பட்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் அதைத் துடைக்கவில்லை.

அவள் தட்டில் கடைசியில் ஓரத்தில் கருகிய ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. என் தட்டு வெறுமையாக இருந்தது.

பார்கவி போன் எடுத்தாள். "முடிச்சாளா அக்கா?"

"ஒரு கருகின துண்டு மிஞ்சியிருக்கு. மற்றதெல்லாம் சாப்பிட்டாள்." பிறகு நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். "பார்கவி, ஞாயிற்றுக்கிழமையள்ல நான் சாப்பிடேல்ல. சாப்பிடுற மாதிரிக் காட்டிப்போட்டு ஒளிச்சனான். விரதம். இண்டைக்குத்தான் அவளோட சாப்பிட்டனான்."

குழாய், வீடு, அடுத்த கிழமை எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும் அக்கா" என்றாள். "அவளை வீட்டுக்கு விடுறது அவ சாப்பிடுறதை மட்டும் பொறுத்தது இல்ல, நீங்க சாப்பிடுறதையும் பொறுத்தது. நாளைக்கு மத்தியானம் வந்து அவகூட உக்காந்து சாப்பிடுங்க. நான் பாக்கணும். அப்புறம் டாக்டர்கிட்ட பேசுறேன்."

"வாறன்" என்றேன்.

வெயில் இறங்கும் நேரம் ஸ்ரீகாந்தன் காரை எடுத்தார். ராகவி முன்சீட்டில் இருந்து, கம்பளிச் சட்டைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். முகம் வெளிறிக் களைத்துப்போயிருந்தது. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"நாளைக்கும் இதைச் செய்து கொண்டு வருவீங்களா?"

"இதையேயோ?"

"ஓம்." கொஞ்ச நேரம் என் கையில் கிடந்த நூலைப் பார்த்தாள். "ஆனா வாயில வச்சு உப்புப் பாத்திட்டுக் கொண்டு வாங்கோ அம்மா."

"பாத்திட்டுத்தான் கொண்டு வருவன்" என்றேன்.